காலில் எடுக்கும் நரம்பு கையில் என்ன செய்யும்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். தம்பிக்கு 24 வயது. திருக்கடலூரில் கடற்றொழில். ஐந்து மாதத்துக்கு முன் யன்னல் கண்ணாடி உடைந்து வலது முன்கையின் உட்பக்கத்தில், மணிக்கட்டுக்கு நாலு விரல் அகலம் மேலே வெட்டிவிட்டது. தோலைத் தைத்தார்கள், காயமும் ஆறிவிட்டது. ஆனால் சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்தபடியே இருக்கின்றன, கொக்கி மாதிரி வளைகின்றன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது. கொழும்பில் பார்த்த நிபுணர், காலில் இருந்து நரம்பு எடுத்துக் கையில் வைத்துத் தைக்க வேண்டும் என்கிறார். "அம்மா காலும் போயிடும் எண்டு அழுகிறா. செய்யலாமோ, விடலாமோ?" என்று கேட்கிறீர்கள்.

செய்யுங்கள். அதுவும் இந்த மாதமே திகதி கிடைத்தால் இந்த மாதமே செய்யுங்கள். கால் போகாது.

நான் சத்திரசிகிச்சை செய்பவன் இல்லை, பிசியோதெரபிஸ்ட். இருபது வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில் கை நோயாளிகளைப் பார்க்கிறேன். நரம்பு ஒட்டுவது சில மணித்தியால வேலை. அதற்குப் பிறகு வருகிற ஒன்றரை வருடத்தில்தான் நோயாளியும் நானும் நேருக்கு நேர் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பார்ப்போம். அந்தப் பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் பயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பேச்சில் "நரம்பு" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் கிடக்கின்றன. புறங்கையில் பச்சையாகத் தெரிகிற இரத்த நாளத்தை நரம்பு என்கிறோம். சேலைன் ஏற்றும்போது தாதி "நரம்பு கிடைக்கேல்லை" என்பது அதைத்தான். மணிக்கட்டை மடக்கினால் கயிறு போல எழும்புகிற தசைநாணையும் நரம்பு என்கிறோம். மூளையிலிருந்தும் முள்ளந்தண்டிலிருந்தும் செய்தி கொண்டுபோகிற உண்மையான நரம்பையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். அம்மாவின் மனதில் ஓடுவது குதிக்காலுக்கு மேலே தடிப்பாக இருக்கும் அந்தக் கயிறாக இருக்கும். அதை வெட்டினால் நடக்க முடியாதுதான். டொக்டர் எடுக்கப்போவது அதையல்ல.

அவர் எடுப்பது சூரல் நரம்பு. கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி, வெளிக்கணுக்காலுக்குப் பின்னால் வளைந்து, பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போகிற மெல்லிய நரம்பு அது. எந்தத் தசையையும் அது அசைப்பதில்லை. பாதத்தின் வெளி விளிம்பில் தொட்டால் தெரிகிற உணர்வை மட்டும் கொண்டுபோகிறது. அதை எடுத்தால் தம்பி நடப்பார், ஓடுவார், தோணி தள்ளுவார். சின்னக் கால்விரல் பக்கமாக ஒரு கீற்று மரத்துப்போகும். சுற்றியுள்ள நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பரவுவதால் அந்த இடம் மாதங்கள் போகச் சுருங்கும், முற்றாக மறையாது. சிலருக்கு எடுத்த இடத்தின் நுனியில் தொட்டால் சுள்ளென்று ஒரு நோவு நிற்பதும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் பிறகு "கால் கெட்டுப்போச்சு" என்று மனம் உடைந்துபோகும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

கடற்கரையில் வெறுங்காலோடு திரிகிற ஆளுக்கு அந்தக் கீற்றுக்கும் ஒரு கவனம் வேண்டும். மட்டிச் சிப்பி கிழித்தாலும் தெரியாது. கோணேசர் கோயிலடியில் மத்தியான வெயிலில் கல்லில் நடந்தால் மற்ற இடம் சுடும், அந்த ஓரம் சுடாது. இரவில் படுக்கும் முன் பாதத்தை ஒரு தடவை திருப்பிப் பார்க்கிற பழக்கம் போதும்.

இனி, எடுத்த நரம்பு கையில் என்ன செய்கிறது என்பது. பெரும்பாலானவர்கள் இதை அறுந்த மின்கம்பிக்கு நடுவில் துண்டுக் கம்பி முறுக்குகிற மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைத்தால் ஒப்பரேஷன் முடிந்த மறுநாளே விரல் அசைய வேண்டும். அசையாது. ஆறு மாதம் அசையாமல் கிடக்கும்போது "பிழைச்சுப்போச்சு" என்று கிளினிக்குக்கு வராமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நரம்பைப் புடலங்கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர் கழுத்தில், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விரல் நுனி வரைக்கும் ஓடுகிற ஒவ்வொரு நரம்பிழையும் அங்கே இருக்கிற ஒரு கலத்தின் நீண்ட கொடிதான். நடுவில் வெட்டினால் வெட்டுக்கு அப்பால் உள்ள கொடி முழுவதும் வாடிவிடும். 1850இல் அகஸ்டஸ் வோலர் என்ற வைத்தியர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டு இதைத்தான் கண்டு எழுதினார். வெட்டுக்குக் கீழே உள்ள இழைகள் சிதைந்துபோவதை இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். ஆனால் வேர் சாகவில்லை. வெட்டுண்ட முனையிலிருந்து புதுத் துளிர் விடுகிறது. அந்தத் துளிருக்கு ஏறிப்போக ஒரு பந்தல் வேண்டும். வாடிய பழைய நரம்பின் குழாய்களும், அவற்றுக்குள் உயிரோடு மிஞ்சியிருக்கிற ஷ்வான் கலங்களும்தான் அந்தப் பந்தல். துளிரைக் கைபிடித்து விரல்வரை கொண்டுபோகிறவை அவை.

பந்தல் பக்கத்தில் இல்லாவிட்டால் கொடி என்ன செய்யும்? நின்ற இடத்திலேயே சுருண்டு பின்னிக்கொள்ளும். தம்பியின் தழும்பில் ஒரு சின்னக் கட்டி தட்டுப்படுகிறதா, தட்டினால் சின்ன விரலுக்கு மின்னல் மாதிரி ஓடுகிறதா என்று பாருங்கள். அதுதான் அந்தப் பின்னல். அதற்கு நியூரோமா என்று பெயர். வளர வேண்டும் என்ற ஆசை நரம்புக்கு இருக்கிறது, போக வழி இல்லை என்று அந்தக் கட்டி சொல்கிறது. காலிலிருந்து எடுக்கிற நரம்பு அந்த வழி. அதற்குள் இருந்த பழைய இழைகளும் வாடிவிடும், ஷ்வான் கலங்களும் வெறும் குழாய்களும்தான் மிஞ்சும். கையின் நரம்பு அதற்குள்ளாகத் தானே வளர்ந்து போக வேண்டும்.

"வெட்டு மெல்லிசுதானே, ஏன் இரண்டு முனையையும் இழுத்துத் தைக்கக் கூடாது?" என்று கேட்பீர்கள். வெட்டின முதல் சில நாட்களில் என்றால் அப்படித்தான் செய்திருப்பார்கள். கண்ணாடி வெட்டு சுத்தமான வெட்டு, மூன்று நாளுக்குள் நேரடியாகத் தைப்பதே நல்லது. இப்போது ஐந்து மாதம். முனைகள் இரண்டும் பின்வாங்கி, நுனி தழும்பாகிவிட்டன. அந்தத் தழும்பை நல்ல நரம்பு தெரியும்வரை சீவி எறிய வேண்டும். எறிந்த பிறகு பார்த்தால் இடைவெளி சில சென்றிமீற்றர். அதை இழுத்துத் தைத்தால் நரம்புக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசிந்துபோகும். முயல்களில் செய்த பரிசோதனையில், நரம்பை அதன் நீளத்தில் 8 வீதம் இழுத்தபோதே இரத்த ஓட்டம் தடுமாறியது, 15 வீதத்தில் நின்றேவிட்டது. இரத்தம் இல்லாத தையலில் தழும்புதான் முளைக்கும், நரம்பு முளைக்காது.

இதை உலகத்துக்கு அழுத்திச் சொன்னவர் வியன்னாவைச் சேர்ந்த ஹனோ மிலேசி. 1972இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் நரம்பு ஒட்டு என்பது நம்பிச் செய்யக்கூடிய சிகிச்சை ஆனது. அதற்கு முன் முனைகளை எப்படியாவது இழுத்துச் சேர்ப்பதில்தான் பலர் குறியாக இருந்தார்கள். மிலேசி, இழுக்காதே, நடுவில் தளர்வாக ஒட்டு வை, அதுவும் நரம்புக்குள் இருக்கும் இழைக்கட்டுகளுக்கு நேரே வை என்றார். இன்றைக்குத் தம்பிக்குச் செய்யப்போவது அடிப்படையில் அவர் காட்டிய வேலைதான்.

தியேட்டரில் நடப்பதையும் சொல்கிறேன். பயம் பாதிக்குமேல் தெரியாமையில்தான் இருக்கிறது. கையிலும் காலிலும் ஒரே நேரத்தில் வேலை என்பதால் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். பழைய தழும்பை மேலும் கீழும் நீட்டித் திறந்து, நல்ல நரம்பை மேலே ஒரு இடத்திலும் கீழே ஒரு இடத்திலும் கண்டுபிடித்து, அங்கிருந்து தழும்பை நோக்கி வருவார்கள். பின்னலை வெட்டி எடுத்த பிறகு இடைவெளியை அளப்பார்கள். ஒரு கணக்குக்கு 4 சென்றிமீற்றர் என்று வையுங்கள். கையில் வெட்டுண்டது அல்னார் நரம்பு, சின்ன விரல் பக்கமாக இறங்குகிற நரம்பு. அது சூரல் நரம்பைவிடத் தடிப்பு. அதனால் ஒரு துண்டு போதாது, நாலு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்க வேண்டும். நாலு நாலு பதினாறு, தளர்வுக்குக் கொஞ்சம் கூட்டினால் 18 சென்றிமீற்றர் வரும். ஒரு காலிலிருந்தே 30 முதல் 40 சென்றிமீற்றர் வரை எடுக்கலாம், ஆகவே மற்றக் காலைத் தொட வேண்டிய தேவை வராது. தடித்த ஒரே நரம்பை வைக்காமல் மெல்லிய துண்டுகளை அடுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒட்டு வைத்த முதல் சில நாட்கள் அதற்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள சதையிலிருந்து ஊறுகிற நீரில்தான் உயிர் தரிக்கும். மெல்லியது தப்பிவிடும், தடித்ததன் நடுப்பகுதி அழுகிப்போகும். தைக்கிற நூல் தலைமயிரைவிட மெல்லியது, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்துத்தான் தைக்க முடியும். சில இடங்களில் தையலோடு பைப்ரின் என்ற பசையையும் பாவிப்பார்கள்.

திறந்து பார்த்த பிறகு திட்டம் மாறவும் கூடும். நரம்பின் ஒரு பகுதி அறாமல் இருந்தால் அதை விட்டுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் ஒட்டு வைப்பார்கள். அதனால் "திறந்து பார்த்துத்தான் முடிவு" என்று அவர் சொன்னால் அதை மழுப்பல் என்று எடுக்காதீர்கள். செயற்கைக் குழாய் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிறிய இடைவெளிக்கு, அதுவும் விரலில் இருக்கும் சின்ன உணர்வு நரம்புகளுக்கு அது நல்லது. தசையையும் அசைக்க வேண்டிய அல்னார் நரம்பில் சில சென்றிமீற்றர் இடைவெளிக்கு சொந்த நரம்புக்கு நிகராக இன்னும் எதுவும் வரவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஏன் இந்த மாதமே என்கிறேன் என்பது இதில்தான் இருக்கிறது.

துளிர் விட்ட நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வளரும். எந்த மருந்துக்கும் எந்த எண்ணெய்க்கும் அந்த வேகம் பெரிதாக மாறுவதில்லை. தம்பியின் வெட்டிலிருந்து மணிக்கட்டுக்குச் சுமார் 8 சென்றிமீற்றர், அங்கிருந்து பெருவிரல் அடியில் வற்றிப்போன அந்தத் தசைக்கு இன்னொரு 9. மொத்தம் 170 மில்லிமீற்றர், அதாவது 170 நாள். ஒட்டின் இரண்டு தையல்களையும் கடக்கத் தடுமாறுகிற நேரத்துக்கு இன்னும் ஒரு மாதம் கூட்டுங்கள். இன்று ஒப்பரேஷன் செய்தால் ஆறரை மாதத்தில் நரம்பு தசையை எட்டும். ஏற்கெனவே ஐந்து மாதம் போய்விட்டது. ஆக, வெட்டுப்பட்டு ஏறக்குறைய ஒரு வருடத்தில்.

நரம்பு இல்லாமல் கிடக்கிற தசை என்றென்றைக்கும் காத்திருக்காது. பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக நாராகவும் கொழுப்பாகவும் மாறத் தொடங்கும். பதினெட்டு மாதம் தாண்டிவிட்டால் நரம்பு வந்து கதவைத் தட்டினாலும் திறக்க ஆள் இல்லை. "பெருநாள் முடியட்டும், சீசன் முடியட்டும், சாத்திரம் பார்த்துச் செய்வோம்" என்று இன்னும் ஆறு மாதம் போனால் அந்தப் பதினெட்டில் போய் நிற்பீர்கள். தொடு உணர்வுக்கு இவ்வளவு கடுமையான கெடு இல்லை, பிந்தியும் ஓரளவு வரும். கெடு தசைக்குத்தான்.

இந்தக் கணக்கை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு முகம் காரணம். மூதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். 2006இல் கத்தி பட்டு அவருடைய அல்னார் நரம்பு வெட்டுண்டது. தம்பிக்குப் பட்ட அதே இடம். நிபுணரைப் பார்க்கத் திகதி வாங்கியிருந்தார். ஆகஸ்டில் மூதூரில் சண்டை வந்தது, சனம் எல்லாம் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தது. அந்தத் திகதி முகாமில் போய்விட்டது. அதற்குப் பிறகு வீடு, வயல், பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாகக் கையைவிட முக்கியமாகிப்போனது. என்னிடம் வந்தபோது இரண்டு வருடம் கழிந்திருந்தது. அவருடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு ஒட்டுக்குக் காலம் கடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பரவாயில்ல டொக்டர், உசிரு தப்பினதே பெரிசு" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். நான் டொக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். இந்த மாவட்டத்தில் இப்படிக் காலம் கடந்த கைகள் நிறைய இருக்கின்றன. தம்பியின் கை அந்தக் கணக்கில் சேரக்கூடாது.

நானாவுக்கும் வழி இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நடுவிரலை மடக்கும் தசைநாண்களில் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிரித்து மோதிர விரலுக்கும் சின்ன விரலுக்கும் கொடுத்தார்கள். நரம்பு வளர வேண்டிய தேவையே இல்லாத வேலை அது, உயிரோடு இருக்கிற தசைக்கு வேறு தொழில் கொடுப்பது. 1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் போல் பிராண்ட், தொழுநோயால் அல்னார் நரம்பு கெட்டு விரல்கள் வளைந்துபோனவர்களுக்கு இந்த வகைச் சத்திரசிகிச்சைகளைச் செய்து காட்டினார். நானாவின் விரல்கள் இன்று விரிகின்றன, மண்வெட்டி பிடிக்கிறார், பிசைந்து சாப்பிடுகிறார். சட்டைப் பொத்தான் போடத்தான் இன்னும் மகள் வேண்டும். தம்பிக்கு ஒட்டு சரியாகப் பலன் தராவிட்டாலும் இந்த இரண்டாவது கதவு அவருக்கும் திறந்தே இருக்கும்.

இன்னும் ஒரு விடயத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இப்படி வருகிற கைகளில் பலவற்றில் முதல் நாளே நரம்பு வெட்டுண்டது தெரிந்திருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் சொந்தக்காரப் பையனுக்கே இது நடந்தது. உடைந்த போத்தல் வெட்டியது, ஓரிடத்தில் தோலைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். விரல் நுனியைத் தொட்டு "தெரியுதா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன். அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம் போதும். கண்ணாடி வெட்டு வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே எலும்பு வரை போயிருக்கும். வீட்டில் யாருக்காவது கையில் ஆழமாக வெட்டினால் மரக்கும் ஊசி போடுவதற்கு முன்பே ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டுப் பாருங்கள், விரல்களை விரிக்கச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை சொல்லாது. அதற்கு வேறு வழி உண்டு. பிள்ளையின் கையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம் அளவில் வைத்திருங்கள். நல்ல விரல் நுனி சுருங்கும், நரம்பு வெட்டுண்ட விரல் வழவழவென்றே இருக்கும். நாள் முழுக்கத் தண்ணீரில் கைவைக்கிற தம்பி இதைத் தன் கையில் ஏற்கெனவே கண்டிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று கிழமை கை ஸ்பிளின்டில், அதாவது அசையாமல் தாங்கிப் பிடிக்கிற அச்சில் இருக்கும். அந்த நாட்களில் தையல் இழுபடக் கூடாது. அதற்குப் பிறகு என்னைப் போன்றவர்களின் வேலை. முதல் ஆறு மாதம் நாங்கள் நரம்பை வளர்ப்பதில்லை, நரம்பு வந்து சேரும்போது மூட்டுகள் இறுகிப்போகாமல் பார்த்து வைக்கிறோம். வளைந்த இரண்டு விரல்களின் முட்டுகளையும் மற்றக் கையால் ஒரு நாளைக்குப் பல தடவை மடக்கி நிமிர்த்த வேண்டும். விரல் கொக்கியாகிவிடாமல் ஒரு சின்ன ஸ்பிளின்ட் தருவார்கள், அதைக் கழற்றி மேசையில் வைக்காமல் போட்டிருக்க வேண்டும். இறுகிப்போன மூட்டுக்கு நரம்பு வந்தும் பயனில்லை. சிகரெட் இருந்தால் நிற்பாட்டச் சொல்லுங்கள், ஒட்டுக்கு வேண்டிய இரத்தத்தை அது குறைக்கும்.

எண்ணெய் பற்றி அம்மா கேட்பா. தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவித் தழும்பைத் தேய்த்துக் கொடுப்பது நல்லது, தோல் இளகும். நரம்பு அதனால் வளராது. ஒத்தணம் மட்டும் வேண்டவே வேண்டாம். உணர்வு இல்லாத தோலுக்குச் சூடு தெரியாது. பொங்கின கொப்புளத்தோடு வந்தவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தேநீர்க் கோப்பை, அடுப்புச் சட்டி, என்ஜின் சைலன்சர் எல்லாவற்றிலும் அந்த இரண்டு விரல்களையும் கண்ணால்தான் காக்க வேண்டும். விற்றமின் பி குளிசை, உடம்பில் அது குறைவாக இருந்தால் உதவும். அறுந்த நரம்பை ஒட்டும் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

குளிர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பியின் தொழில் அப்படி. நரம்பு வெட்டுண்ட கை குளிரைத் தாங்காது. ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டால் விரல் வெளிறி, குத்தி, நோகும். இது பல வருடத்துக்கு நிற்கலாம். கையுறை பழகட்டும், முடிந்தால் ஐஸ் வேலையை வேறு ஆள் பார்க்கட்டும். நரம்பு வளரும் காலத்தில் எரிவும் குத்தும் கூடினால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்குச் சாதாரண நோக்குளிசை போதாது, நரம்பு நோவுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன.

எவ்வளவு திரும்பும்? பழைய கை அப்படியே திரும்பாது, அதை ஒளிக்க மாட்டேன். அல்னார் நரம்பு நுணுக்கமான சின்னத் தசைகளுக்குப் போவதால் கை நரம்புகளிலேயே மீள்வதற்குக் கஷ்டமானவற்றில் ஒன்று. இழைகள் பந்தலில் ஏறும்போது எல்லாம் தத்தம் பழைய இடத்துக்கே போவதும் இல்லை. மோதிர விரலுக்குப் போக வேண்டியது சின்ன விரலுக்குப் போகும், உணர்வுக்கென்று வந்தது தசைக்குள் போய் வீணாகும். தம்பிக்குச் சாதகமாக இருப்பவை 24 வயது, சுத்தமான வெட்டு, மணிக்கட்டுக்குக் கிட்ட உள்ள இடம். பாதகம் போன ஐந்து மாதம். சூடு, குத்து தெரிகிற அளவுக்குப் பாதுகாப்பான உணர்வை எதிர்பார்க்கலாம். விரல் வளைவு குறைந்து, கிள்ளிப் பிடிக்கிற பலம் ஓரளவு திரும்பினால் அதை நல்ல பலன் என்று நான் சொல்வேன்.

வந்த உணர்வை மூளைக்குப் பழக்க வேண்டும். ஒரு சட்டியில் அரிசி, ஒன்றில் பயறு, ஒன்றில் கடற்கரை மணல். கண்ணை மூடி விரலை விட்டு எது என்று சொல்லிப் பழகுவது, பிழைத்தால் கண்ணைத் திறந்து பார்த்துத் திரும்ப. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் வீதம் மூன்று நாலு தடவை. என்னிடம் பழகிய ஒரு பிள்ளை கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் வந்து, ஏழு கிணற்றுத் தண்ணீருக்கும் சூடு வித்தியாசம் அந்தக் கைக்கும் தெரிகிறது என்று சொன்ன நாளை என்னால் மறக்க முடியாது. ஒப்பரேஷன் முடிந்து பதினாறாவது மாதம் அது.

கொழும்புக்குப் போகும்போது முதலில் காயத்தைத் தைத்த ஆஸ்பத்திரியில் தந்த துண்டுச் சீட்டு, நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பில் செய்தி ஓடுகிறதா என்று மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது) செய்திருந்தால் அந்த ரிப்போட், கிளினிக் கொப்பி மூன்றையும் எடுத்துப் போங்கள். பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் கேளுங்கள். ஐந்து மாதத்தில் அது தெளிவாகச் சொல்லும். எந்தக் காலில் எடுக்கிறார்கள், காலில் நீண்ட ஒரே வெட்டா சின்னச் சின்ன வெட்டுகளா, இங்கேயே பிசியோதெரபி தொடரக் கடிதம் தருவார்களா என்றும் கேளுங்கள். அந்தக் கடிதம் முக்கியம். ஒவ்வொரு கிழமையும் கொழும்புக்கு அலைய முடியாது.

ஸ்பிளின்ட் கழற்றின பிறகு ஒரு வேலையை உங்களிடம் தருகிறேன். கையின் உட்பக்கத்தில் நரம்பு ஓடும் பாதையில், மணிக்கட்டுப் பக்கமிருந்து மேல்நோக்கி விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் தட்டும்போது சின்ன விரலுக்குள் மின்சாரம் ஓடுகிற மாதிரி இருக்கும். துளிர் அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தம். 1915இல், உலக யுத்தத்தில் காயப்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் ஜூல் டினெலும் எதிர்ப்பக்கத்தில் ஜெர்மானியர் போல் ஹொஃப்மனும் ஒரே வருடத்தில் இதைத் தனித்தனியே எழுதி வைத்தார்கள். அந்த இடத்தில் பேனையால் ஒரு புள்ளி வைத்து, தழும்பிலிருந்து எத்தனை சென்றிமீற்றர் என்று அளந்து, திகதியோடு கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை போதும். ஏறக்குறைய 3 சென்றிமீற்றர் கீழே இறங்கியிருந்தால் நரம்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, விரல் அசையாவிட்டாலும். இரண்டு மூன்று மாதமாகப் புள்ளி ஒரே இடத்தில் நின்றால் அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் கொப்பியை எடுத்துக்கொண்டு நேரே போங்கள். முதல் புள்ளியை ஒப்பரேஷன் முடிந்து ஆறாவது கிழமை வையுங்கள்.